டெட்ராய்ட் பீட்சாவுக்கு நாலு மூலை

அமெரிக்காவுக்கு நான் போனதில்லை. ஆனால் அந்த நாட்டில் டெட்ராய்ட் என்றொரு ஊரில் பிறந்த பீட்சாவுக்காக ஆஸ்திரேலியாவில் இரண்டு ஊர் அலைந்து, ஒரு தீ எச்சரிக்கை மணியை அலறவிட்டு, மன்னார்க்கார அம்மா ஒருவரை அழவைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். பீட்சா சரியாக வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்முறைக்காகப் படிக்கிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

போன காரியம் இதுதான். என் தங்கை சுமதி சிட்னியில் இருக்கிறாள். அவள் கணவர் பாஸ்கர், என் மாப்பிள்ளை, போன வருஷம் கணையத்தில் புற்றுநோய் வந்து இறந்துபோனார். அவர்களுக்கு ஒரே மகள், அபி. மெல்பர்னில் வேலை. அப்பாவுக்கு நோய் என்பதை அவளுக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள். புதிதாக வேலையில் சேர்ந்திருக்கிறாள், பிள்ளை மனசு கலங்கக் கூடாது என்று நம்மவர்கள் எல்லோரும் சொல்லுகிற அதே காரணம்தான். கடைசியில் விஷயம் தெரிந்து அவள் ஓடி வந்தபோது அப்பா வாயில் குழாயோடு கிடந்தார். ஒரு வார்த்தை பேச முடியவில்லை. கருமாதி முடிந்த அன்றிலிருந்து அபி தன் அம்மாவோடு பேசுவதில்லை.

முதல் வருஷத் திதி வந்தது. தாய்மாமன் நேரில் போய்ச் சொன்னால் கேட்பாள் என்று விருதுநகரில் சொந்தபந்தம் கூடி முடிவெடுத்து என்னை ஏற்றி அனுப்பினார்கள். தாய்மாமன் சொன்னால் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்வாள். அதெல்லாம் சின்ன வயதில். இருபதுகளின் கடைசியில் இருக்கும் பெண்ணிடம் என் பேச்சு எவ்வளவு எடுபடும் என்று விமானம் ஏறும்போதே எனக்குத் தெரியும்.

மெல்பர்ன் விமான நிலையத்தில் அபி என்னைக் கட்டிப்பிடித்து வரவேற்றாள். என் பெட்டியை அவளே தூக்கினாள். மல்கிரேவில் அவள் வீடு இருக்கும் தெருவில் மனித நடமாட்டமே இல்லை. அலுவலகக் கட்டடங்கள், புல்வெளி, வரிசையாக நிற்கும் கார்கள். எங்கள் ஊரில் இப்படித் தெரு வெறிச்சோடிக் கிடந்தால் யாரோ பெரிய தலைவர் இறந்துவிட்டார் என்று அர்த்தம்.

சாப்பிட என்ன வேண்டும் என்று கேட்காமலேயே பரோட்டா சுட்டுக் கொடுத்தாள். பையில் அடைத்து, பனிக்கட்டியாக உறைந்து, கடையில் விற்கிற பரோட்டா. விருதுநகர்க்காரனுக்கு உறைந்த பரோட்டா! எண்ணெயில் மிதந்து பொரிந்து, தொட்டால் நொறுங்குகிற எங்கள் ஊர்ப் பரோட்டாவை நினைத்துக்கொண்டே, குறை சொல்லாமல் சாப்பிட்டேன். பெரிய காரியத்துக்கு வந்தவன் சின்ன விஷயத்தில் சண்டை போடக் கூடாது.

"அபி, ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு வருஷத் திதி."

"தெரியும் மாமா."

"நீ வரணும்."

"டீயா, காபியா மாமா?"

டீ என்றேன். அன்றைக்கு அதோடு முடிந்தது.

மறுநாள் எனக்காக விடுப்பு எடுத்து ஊரைச் சுற்றிக் காட்டினாள். தண்டவாளத்தில் வேலை நடப்பதால் ரயிலுக்குப் பதிலாகப் பேருந்து விட்டிருந்தார்கள். ஓட்டுநர் வழிதவறிவிட்டார். ஒரே ரவுண்டானாவை இரண்டு தடவை சுற்றினார். எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் நாலு பேர் எழுந்து போய் ஓட்டுநரின் குலம் கோத்திரத்தை விசாரித்திருப்பார்கள். இங்கே முன்சீட்டில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டி பக்கத்தில் இருந்தவரிடம், "பரவாயில்லை, நான் பார்க்காத தெருவெல்லாம் பார்க்கிறேன்" என்றாள். அபி மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இன்றைக்குப் பேசிப் பார்க்கலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது.

நகரத்துக்குள் ஒரு பீட்சாக் கடைக்குக் கூட்டிப் போனாள். வாசலிலேயே டெட்ராய்ட் பீட்சா என்று பலகை. நான் அதுவரை வட்டப் பீட்சாதான் பார்த்திருக்கிறேன். இது செவ்வகம். தடியாக, பஞ்சு மாதிரி உள்ளே. ஓரத்தில் மட்டும் சீஸ் உருகிக் கருகி முறுகலாக மதில் கட்டி நின்றது. தக்காளிச் சாற்றைச் சீஸுக்கு மேலே பட்டை பட்டையாக இழுத்திருந்தார்கள்.

"நாங்க டெட்ராய்ட்ல இருந்தப்ப அப்பா கார் பார்ட்ஸ் கம்பெனியில இருந்தாங்கல்ல. கார் ஃபேக்டரியில நட்டு போல்ட்டு போட்டு வைக்கிற இரும்பு ட்ரேயிலதான் இத முதல்ல சுட்டாங்களாம் மாமா. அத அப்பா யாரப் பாத்தாலும் சொல்வாங்க. நம்ம ஆளுங்க சாப்பாடும்பாங்க."

"யாரு நம்ம ஆளு?"

"ஸ்பேனர் புடிக்கிறவங்க எல்லாரும் அப்பாவுக்கு நம்ம ஆளுதான்."

மூலைத் துண்டை எடுத்து ஒரு கடி கடித்தாள். மெல்ல மென்றாள். பிறகு தட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"இது இல்ல மாமா. ஓரம் சும்மா காஞ்சிருக்கு. அப்பா சுட்டா முறுக்கு மாதிரி நொறுங்கும்."

மாப்பிள்ளை வெள்ளிக்கிழமைதோறும் இதை வீட்டில் சுடுவாராம். அமெரிக்காவிலும் சுட்டார், சிட்னிக்கு வந்த பிறகும் சுட்டார். ஒரு பீட்சாவுக்கு நாலு மூலை. மூலைத் துண்டுக்குத்தான் இரண்டு பக்கமும் முறுகல் கிடைக்கும். வீட்டில் மூன்று பேர், ஆளுக்கொரு மூலை.

"அப்ப நாலாவது மூலை?" என்று கேட்டேன்.

"சமைச்சவனுக்குத்தான் நாலாவதுன்னு அப்பா ரூல் போடுவாங்க. போட்டுட்டு, அத ரெண்டா வெட்டி எனக்கும்…" நிறுத்தினாள். தண்ணீர் குடித்தாள். "எனக்கும் இன்னொருத்தருக்கும் குடுப்பாங்க."

பெற்ற தாய்க்கு அவள் வைத்திருந்த பெயர் அது. திதிப் பேச்சை எடுக்காமல் அவள் தள்ளிய தட்டில் இருந்ததைத் தின்று முடித்தேன்.

கிளம்பும்போது அவளே சொன்னாள்: "மாமா, சிட்னி வீட்லேருந்து எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். அப்பாவோட அந்த ட்ரே. கறுப்பா இருக்கும். தொட்டா வழவழன்னு இருக்கும். அத்தன வருஷத்து எண்ணெய் அதுல ஏறியிருக்கு. அப்பா கை அதுலதான் இருக்கு. அத மட்டும் வாங்கிட்டு வந்து குடுங்க. வேற எதுவும் வேணாம்."

"நீயே வந்து வாங்கிக்கோயேன்."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். தாய்மாமன் தோற்றுவிட்டு சிட்னிக்கு விமானம் ஏறினேன்.

சுமதி காரோடு வந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். மகள் வருவாளா என்று அவள் கேட்கவில்லை. "அவ ஒழுங்கா சாப்பிடுறாளா அண்ணே?" என்றுதான் கேட்டாள்.

"வரமாட்டேன்னு சொல்லல" என்றேன்.

"வர்றேன்னும் சொல்லியிருக்க மாட்டா" என்றாள் சுமதி, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

வென்ட்வர்த்வில்லில் அவள் வீடு. அங்கே தெருவில் இறங்கினால் சாம்பார்ப் பொடியும் கருவேப்பிலையும் கிடைக்கும், யாழ்ப்பாணத் தமிழும் தஞ்சாவூர்த் தமிழும் காதில் விழும். விருதுநகரில் கிடைப்பதை விடப் பெரிய வாழையிலை அங்கே கடையில் உறையவைத்துக் கிடைக்கிறது. எல்லாம் இருந்தும் வீட்டுக்குள் நுழைந்ததும் ஆள் இல்லாத வீடு என்று தெரிந்துவிட்டது. அடுப்படியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர் மட்டும் கவிழ்த்து வைத்திருந்தது.

படையலுக்கு டெட்ராய்ட் பீட்சா வைக்கப் போவதாக அவள் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இறந்தவருக்குப் பிடித்ததைத்தான் இலையில் வைக்க வேண்டும், அது சரி. எங்கள் பெரியப்பாவுக்குச் சுருட்டும் சாராயமும் வைத்திருக்கிறோம். ஆனால் பீட்சா மேல் போடும் அந்தச் சிவப்பு வட்டக் கறி, பெப்பரோனி, பன்றியும் மாடும் கலந்தது என்று அபி சொல்லியிருந்தாள்.

"இலையில அதப் போய் வைக்கலாமா சுமதி? ஊர்ல தெரிஞ்சா என்ன சொல்வாங்க?"

"அவர் சாப்பிட்டத அவருக்கு வைக்காம, ஊர் சாப்பிடுறதையா வைக்கச் சொல்றீங்க?"

சிக்கல் என்னவென்றால் அவளுக்கு அந்தப் பீட்சா செய்யத் தெரியாது. சாப்பிட மட்டுமே தெரியும். அவர் கை அளவில் செய்தார், யாருக்கும் சொல்லித் தரவில்லை. செல்போனில் யாரோ ஒருவன் செய்கிற காணொளியை ஓடவிட்டுக்கொண்டு இரண்டு பேரும் மாவு பிசைந்தோம். பரோட்டா மாவு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அந்த மாவுக்கு முதுகெலும்பே இல்லை. தண்ணீர் அவ்வளவு. கையில் ஒட்டி, கரண்டியில் ஒட்டி, என் கைக்கடிகாரத்திலும் ஒட்டியது. எண்ணெய் தடவிய தட்டில் விட்டு மூலைவரை விரல்நுனியால் தள்ள வேண்டும். தள்ளத் தள்ளச் சுருங்கி நடுவுக்கே திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் தூங்கவிட்டுத்தான் மறுபடி தள்ள வேண்டும் என்று காணொளிக்காரன் பிறகுதான் சொன்னான்.

சோதனைக்கெல்லாம் கண்ணாடித் தட்டுதான். அவர் ட்ரேயைத் திதியன்று மட்டும் எடுப்பது என்று சுமதி வைத்திருந்தாள். அதை எனக்குக் காட்டினாள். உண்மையைச் சொன்னால், மெக்கானிக் கடையில் பழைய ஆயில் வடிக்கிற தட்டு மாதிரி இருந்தது. அடியும் சுவரும் ஒரே கறுப்பு. அபி கேட்டதைச் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை செஞ்சு முடிச்சிட்டு நீங்களே கொண்டுபோய்க் குடுத்துருங்க அண்ணே. அவ வந்தா அவ கையிலயே குடுத்துருவேன்." ட்ரேயை அலமாரியில் வைத்துவிட்டு, "அவளுக்கு எதுவும் சொல்லாமப் போனதுக்கு, அவ கேக்குற ஒண்ணையாவது முழுசாக் குடுக்கணும்" என்றாள்.

"ஏன்தான் சொல்லாம விட்ட நீ? ஒரு போன் பண்ணியிருந்தா இவ்வளவும் வருமா?" என்று கேட்டுவிட்டேன். வந்ததிலிருந்து கேட்கக் கூடாது என்று வைத்திருந்த கேள்வி.

கையில் ஒட்டிய மாவைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் எங்க விட்டேன். அவர்தான் சத்தியம் வாங்கினார். பிள்ளைக்குச் சொன்னா நான் மருந்தே சாப்பிட மாட்டேன்னு படுத்துக்கிட்டார்."

"அத அபிகிட்ட சொல்ல வேண்டியதுதானே!"

"சொன்னா அவர் மேல கோவப்படுவா. செத்த மனுசன் மேல கோவப்பட்டு என்ன பண்ணுவா, பாவம். யாரு கூடப் போய்ச் சண்டை போடுவா? கோவப்பட ஒரு ஆள் வேணும்ல அண்ணே. நான் உயிரோட இருக்கேன்."

நானும் சொல்லக் கூடாது என்று என்னிடமும் சத்தியம் வாங்கினாள். அந்த வீட்டில் சத்தியம் வாங்குவது ஒரு வியாதி. கண்ணாடித் தட்டில் செய்த பீட்சா நடுவில் வேகாமல், களியாக வந்தது. இரண்டு பேரும் அதையே ராத்திரிச் சாப்பாடாகச் சாப்பிட்டோம்.

அடுத்த நாள் பக்கத்து ஊரான பரமட்டாவுக்குப் போனோம். வக்கீல்கள், மருத்துவமனை அடையாள அட்டை தொங்கவிட்டவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருந்த தெருவில் ஒரு சீஸ் கடை. இந்தப் பீட்சாவுக்கென்று பிரிக், அதாவது செங்கல், என்ற பேரில் ஒரு சீஸ் உண்டாம். அது வேண்டும் என்று சுமதி கேட்டாள். கடைக்காரர் லெபனான்காரர். "இந்த நாட்டில் அதை நான் பார்த்ததே இல்லை" என்றார். டெட்ராய்ட் பீட்சாவுக்கு என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "என் மனைவியின் தம்பி அங்கேதான் இருக்கிறான். குளிர், வேலை இல்லை என்று எப்போதும் புலம்புவான். பீட்சாவைப் பற்றி மட்டும் ஒரு நாளும் குறை சொன்னதில்லை" என்றார். மோசரெல்லாவோடு கோல்பி என்ற மஞ்சள் சீஸைக் கலந்து, துருவாமல் கட்டியாக வெட்டி, ட்ரேயின் சுவரில் இடிக்கிற மாதிரி போடச் சொன்னார். சீஸ் சுவரில் வழிந்து கருகினால்தான் ஓரம் வருமாம்.

"யாருக்குச் செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்டார்.

"என் கணவருக்கு" என்றாள் சுமதி. கொடுத்துவைத்தவர் என்றார் அவர். சுமதி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை அவள் இலையும் பூவும் வாங்கப் போனாள். "படையலுக்கு வேண்டிய சாமானெல்லாம் எடுத்து விளக்கி வச்சிருங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் எதற்காவது உபயோகப்பட வேண்டுமே என்று துடித்துக்கொண்டிருந்தவன். குத்துவிளக்கு, சொம்பு, தாம்பாளம், சாப்பாட்டுப் பாத்திரங்கள் எல்லாவற்றையும் எடுத்துத் தொட்டியருகே அடுக்கினேன். ட்ரேயும் படையலுக்குத்தானே. படையல் பாத்திரத்தில் துளிப் பத்து, அதாவது முன்பு சமைத்ததன் ஒட்டல், இருக்கக் கூடாது; பழைய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இறந்தவருக்குச் சேராது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதையும் வரிசையில் வைத்தேன்.

அந்த நேரம் பக்கத்து வீட்டு பிலோமினா அன்ரி வந்தார். மன்னார்க்காரர், எழுபதைத் தாண்டியவர். சிட்னியில் எல்லோருக்கும் அவர் அன்ரிதான், எனக்கு அக்கா. மாப்பிள்ளை படுத்திருந்த நாளெல்லாம் சுமதிக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். நான் சொம்பைத் தேய்க்கிற அழகைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"விடுங்கோ தம்பி. ஆம்பிளையள் குசினிக்குள்ள நிண்டா வேலை ரெண்டு மடங்கு. நீங்கள் அந்தக் கதிரையில இருந்து ரீயைக் குடியுங்கோ."

"அக்கா, அந்தக் கறுப்புத் தட்டு வேண்டாம்னா விட்டுருங்க, கஷ்டம்" என்றேன், அவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதே என்று.

"அது என்ன கஷ்டம்? பாஸ்கர் தம்பிக்கு வைக்கிற சாமான். நான் மினுக்கித் தாறன்."

இரும்பு நார் எடுத்தார். அடுப்புக் கரி போக்குகிற ஏதோ நுரையை அடித்து ஊறவிட்டார். பிறகு அந்த வயதிலும் தோளைக் கொடுத்துத் தேய்த்தார். கறுப்புத் தண்ணீர் தொட்டியில் இறங்கிப் போவதை நான் டீ குடித்துக்கொண்டே பார்த்தேன். எவ்வளவு அழுக்கு என்று நினைத்தேன். ட்ரே பளபளவென்று வெள்ளையாக வந்தது. நானே துண்டால் துடைத்து, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன்.

சுமதி இலைக்கட்டோடு உள்ளே வந்தாள். எல்லாம் மின்னுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். "அன்ரி, நீங்க வந்தீங்களா!" என்றாள். ட்ரேயைப் பார்த்துவிட்டு, "இது யாரோடது அண்ணே? புதுசா வாங்கினீங்களா?" என்று கேட்டாள்.

அவள் கிட்டே போனாள். ஒரு மூலை லேசாக நசுங்கியிருந்தது. அந்த நசுங்கலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை ட்ரேயின் அடியில் வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினாள். இலைக்கட்டு கையிலிருந்து நழுவி விழுந்தது.

திட்டியிருந்தால் தேவலை. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அபிக்கு என்ன குடுப்பேன்" என்று மட்டும் சொன்னாள்.

"என்ன பிள்ளை? நான் என்ன பிழை விட்டனான்?" என்றார் அன்ரி. நான் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே புரிந்தது. எங்கள் ஊரில் பரோட்டாக் கல்லை யாராவது இப்படித் தேய்த்தால் மாஸ்டர் வேலையை விட்டுப் போய்விடுவார். வீட்டில் தோசைக்கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் கொலை விழும். கல் பழகுவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று நாக்கு ருசி தெரிந்த எனக்குத் தெரியும். ஆனால் சுவர் வைத்த செவ்வகத் தட்டாக, பீட்சா என்ற பேரோடு எதிரில் வந்தபோது, அதுவும் ஒரு கல்தான் என்று எனக்கு உறைக்கவில்லை. பத்து இருக்கக் கூடாது என்பது மட்டும் உறைத்தது.

"என்ர மாதாவே! நான் தம்பியின்ர கையை அல்லோ உரஞ்சி ஊத்திப்போட்டன்" என்று அன்ரி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவரைச் சமாதானப்படுத்த சுமதிதான் தரையிலிருந்து எழுந்திருக்க வேண்டியிருந்தது.

தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரி பழக்கிப் பார்த்தோம். ட்ரேயை அடுப்பில் காயவைத்து, நல்லெண்ணெய் விட்டு, பாதி வெங்காயத்தால் தேய்த்தேன். புகை கிளம்பியது. கூரையில் இருந்த எச்சரிக்கை மணி தெருவே அதிர அலறியது. அன்ரி அழுதுகொண்டே துவாயை விசிறினார். தீயணைப்பு வண்டி வராதது ஒன்றுதான் அன்றைக்கு நடந்த நல்ல விஷயம். புகை அடங்கிப் பார்த்தால் ட்ரேயின் நடுவில் ஒரு பழுப்புத் திட்டு மட்டும் ஏறியிருந்தது, டீக்கறை மாதிரி. ஒரு மனுஷன் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக ஏற்றியதை ஒரு சாயங்காலத்தில் எப்படிக் கொண்டுவர முடியும்? அபிக்குப் போன் பண்ணிச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவள் வராமல் இருந்தால் நல்லது என்று முதல் முறையாக நினைத்தேன். அதற்காகவே இவ்வளவு தூரம் வந்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அபி வந்துவிட்டாள்.

வாடகைக் காரில் வந்து இறங்கி, என்னைப் பார்த்து, "சாயங்காலம் ஃப்ளைட் மாமா" என்றாள். வணக்கம் சொல்வதற்கு முன்னால் போகிற நேரத்தைச் சொல்லிவிட்டாள். சுமதி வாசலில் நின்றாள். அபி அவளைத் தாண்டி உள்ளே வந்து அப்பா படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"சாப்பிட்டாளான்னு கேளுங்க அண்ணே."

"சாப்பிட்டியாம்மா?"

"ஃப்ளைட்ல சாப்பிட்டேன்னு சொல்லுங்க மாமா."

இரண்டு பேருக்கும் நடுவில் எட்டடி தூரம் கூட இல்லை. நான் தபால்காரன் மாதிரி நின்றேன்.

அவள் அடுப்படிக்கு வரவில்லை. நானும் சுமதியும் மாவை ட்ரேயில் விட்டு மூலைவரை தள்ளினோம். இந்தத் தடவை மாவு அடங்கி வந்தது. மாவின்மேல் பெப்பரோனி, அதன்மேல் சுவரை ஒட்டிச் சீஸ் கட்டிகள். அடுப்புக்குள் அது பொங்கி, ஓரம் கருகி, வீடெல்லாம் மணம் பரவியபோது கூடத்திலிருந்து அபி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பார்க்க அச்சு அசலாக இருந்தது. சுமதி முகத்தில் ஒரு வெளிச்சம். கரண்டியை ஓரத்தில் விட்டு நெம்பினாள். வரவில்லை. நான் நெம்பினேன். அசையவில்லை. வெள்ளை இரும்போடு சீஸ் சிமெண்டு மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. பழகாத கல்லில் தோசை ஊற்றினால் என்ன ஆகும்? அதேதான்.

வேறு வழியில்லாமல் ட்ரேயோடு தூக்கி இலையில் வைத்தோம். சுமதி சூடம் காட்டினாள். அபி கும்பிட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தவள், ட்ரேயைப் பார்த்தாள்.

"அப்பா ட்ரேயில செய்யலையா மாமா? இது எது?"

"இது… அதுதான்மா."

"நான்தான் பிள்ளை" என்றார் மூலையில் நின்ற அன்ரி. "தெரியாமல் உரஞ்சிப்போட்டன். என்னைப் பேசு பிள்ளை. கொம்மாவை ஒண்டும் சொல்லாதே."

அபி அன்ரியைத் திட்டவில்லை. ட்ரேயின் வெளிச்சுவரை விரலால் தொட்டாள். சுட்டது, எடுத்தாள். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், குரல் உயராமல்: "அப்பாவுக்கு முடியலன்னு என்கிட்ட சொல்லல. அப்பா பேசுறத நான் கேக்க விடல. இப்ப இதையும் தொடச்சாச்சு. அவங்ககிட்ட கேளுங்க மாமா, இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கான்னு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உங்கப்பன் பண்ணின காரியம்டி அது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சுமதி மாப்பிள்ளை படத்துக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கொல்லையில் காக்கை வந்து உட்கார்ந்தது. சிட்னிக் காக்கை கத்துவதில்லை, பசித்த குழந்தை மாதிரி இழுத்து அழுகிறது. முதல் வாய் அதற்குப் போட வேண்டும், ஆனால் பீட்சா ட்ரேயை விட்டுப் பெயர்ந்தால்தானே. கடைசியில் அபிதான் எழுந்து போய்த் தடிக் கத்தி ஒன்றைக் கொண்டுவந்தாள். ஒரு மூலையைக் குத்திப் பெயர்த்தாள். துண்டாக வரவில்லை, நொறுங்கித்தான் வந்தது. அதை வேலி மரத்தின் மேல் வைத்தாள். காக்கை பெப்பரோனியை முதலில் எடுத்தது.

பிறகு சாப்பிட்டோம் என்று சொல்வதைவிடச் சுரண்டினோம் என்று சொல்லலாம். ஆளுக்கொரு கரண்டியோடு ட்ரேயைச் சுற்றி உட்கார்ந்து, பிடித்ததைப் பெயர்த்துத் தின்றோம். ஒரு மூலை காக்கைக்குப் போய்விட்டது, ஒன்று அன்ரிக்கு, ஒன்று எனக்கு. என் வாயில் உப்பும் கருகலுமாக நொறுங்கியது. முறுக்கு மாதிரிதான் இருந்தது. இதைச் சொன்னால் அபி சந்தோஷப்படுவாளா அழுவாளா என்று தெரியாமல் அடுத்த துண்டைச் சுரண்டினேன். மிச்சமிருந்த மூலையை அபி இரண்டாக வெட்டினாள். ஒரு பாதியைத் தன் தட்டில் போட்டாள். மறுபாதியை, யாரையும் பார்க்காமல், சுமதியின் தட்டில் வைத்தாள்.

சுமதி அதைச் சாப்பிடவே நேரம் எடுத்துக்கொண்டாள்.

சாப்பாடு முடிந்ததும் சுமதி கைப்பழக்கத்தில் ட்ரேயைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் போனாள். ஓரமெல்லாம் கருகிய சீஸ், அடியில் எண்ணெய். ஊறவைக்க வெந்நீர்க் குழாயைத் திறந்தாள். இன்னொரு கையில் சோப்புப் புட்டி. நேற்று அன்ரி வைத்துவிட்டுப் போன இரும்பு நார் அங்கேயே கிடந்தது.

"கழுவாதம்மா!"

கூடத்திலிருந்து வந்த சத்தத்தில் அன்ரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அபி அடுப்படி வாசலில் நின்றாள்.

சுமதி திரும்பவில்லை. திரும்பினால் கேட்டது இல்லையென்று ஆகிவிடும் என்று பயந்தவள் போல அப்படியே நின்றாள். தண்ணீர் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. ட்ரேயைத் தண்ணீர் படாமல் நெஞ்சோடு தூக்கிப் பிடித்திருந்தாள். சேலை முழுக்க எண்ணெய்.

"அப்படியே இருக்கட்டும். தொடச்சா போதும்" என்றாள் அபி.

சுமதி குழாயை மூடினாள். "அண்ணே, துணி ஒண்ணு எடுங்க" என்றாள் என்னிடம்.

நான் எழுந்திருப்பதற்குள் அபி எடுத்துக் கொடுத்துவிட்டாள்.